ஒரே பெயர், ஒரே பாட்டனா?



தந்தையின் பெயரால் அமைந்த ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில் தந்தைவழியைத் துருவிப் பார்க்கும் ஒரு கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரே குடும்பப்பெயரைத் தாங்கிய ஆயிரக்கணக்கானோர், தாங்கள் மெய்யாகவே ஒரே ஆணின் வழி வந்தவர்கள்தானா என்று டிஎன்ஏ சோதனை செய்து பார்க்கிறார்கள். இந்தச் சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் நம்பலாம். ‘ஆம்’ என்று சொன்னால்தான், யாரைச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கான சான்றுகள்.

பிரையன் சைக்ஸ் ஆக்ஸ்போர்டில் மரபியல் பேராசிரியர். 2020இல் மறைந்தார். கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பெயர் ரிச்சர்ட் சைக்ஸ். உங்கள் இருவருக்கும் உறவு உண்டா என்று யாரோ கேட்க, இருவருக்குமே தெரியவில்லை. பிரையன் சும்மா இருக்கவில்லை. ரிச்சர்டிடம் மாதிரி வாங்கித் தம்முடைய ஒய் குரோமோசோமோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. அந்த ஆர்வத்தில் யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் பகுதிகளில் வாழ்ந்த சைக்ஸ் பெயர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதி, 48 பேரின் மாதிரிகளை ஆராய்ந்தார். அவர்களில் 21 பேரிடம் ஒரே வகை ஒய் இருந்தது. வேறு எந்தப் பெயர்க்காரரிடமும் அந்த வகை அப்படிக் குவிந்து கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான அந்தச் சிறு கட்டுரையில் இருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பென்னட் கிரீன்ஸ்பன் என்ற வணிகர் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பஞ்சு வைத்த குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து அஞ்சலில் அனுப்பினால் முடிவு வீட்டுக்கு வரும் என்ற காலம் வந்தது.

ஒய் குரோமோசோம் ஆணிடம் மட்டும் இருப்பது. இரு முனைகளிலும் உள்ள சிறு பகுதிகளை விட்டுவிட்டால், அது தாயின் பங்கோடு கலக்காமல் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. ஆங்கிலேயரின் குடும்பப்பெயரும் அதே தடத்தில்தான் போகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதனால் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்: ஒய் காட்டுவது பங்காளியை. மாமன் மச்சான், அத்தை பிள்ளைகள், அம்மாச்சி வீட்டார் எவரும் அதன் கண்ணில் படமாட்டார்கள். பத்துத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் பேசுவது அவற்றில் ஒரே ஒரு இடத்தைப் பற்றி. பெண்களுக்கு இந்தச் சோதனையே கிடையாது. தம்பியையோ சித்தப்பாவையோ கெஞ்சித்தான் குச்சியைப் பிடிக்க வைக்க வேண்டும். தன் பிறந்தவீட்டுப் பெயரின் வரலாற்றை அறிய விரும்பும் ஒரு பெண் அதற்கு ஓர் ஆணின் எச்சிலுக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அது சோதனையின் குற்றம் அல்ல. பெயர் வைத்த வழக்கத்தின் குற்றம்.

சோதனைக்கூடம் அனுப்பும் தாளில் பார்த்தால் எண்கள்தான் இருக்கும். ஒய்யின் குறிப்பிட்ட சில இடங்களில் ஒரு சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. டிஒய்எஸ் 393 என்னும் இடத்தில் ஒருவருக்கு 13 முறை, இன்னொருவருக்கு 14 முறை வரலாம். எத்தனை முறை என்பதுதான் அந்த எண். மேற்கு ஐரோப்பாவில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒரு வரிசையை இங்கே சொல்கிறேன். டிஒய்எஸ் 19, 388, 390, 391, 392, 393 ஆகிய ஆறு இடங்களில் முறையே 14, 12, 24, 11, 13, 13. அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் பிரிட்டனிலும் முன்பின் தெரியாத லட்சக்கணக்கான ஆண்களுக்கு இதே எண்கள்தான். ஆகவே ஆறு இடங்களை மட்டும் பார்த்துவிட்டு ‘பொருந்துகிறது, நாம் உறவு’ என்று ஒருவர் துள்ளிக் குதித்தால், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் சித்தப்பா என்று அழைக்க வேண்டியிருக்கும். இதனால்தான் 37, 67, 111 இடங்கள் என்று சோதனை விரிந்தது. 37 இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் எண் ஒன்று கூடும் அல்லது குறையும். அந்த வேறுபாடுகளை எண்ணிப் பொது மூதாதை எத்தனை தலைமுறை தூரத்தில் இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது ஒய்யின் லட்சக்கணக்கான எழுத்துகளை நேரடியாகவே படித்து, கிளை எங்கே பிரிந்தது என்று இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடிகிறது. எவ்வளவு நெருங்கினாலும் ஒரு சிக்கல் தீராது. அண்ணனுக்கும் தம்பிக்கும், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்தத் தாளில் ஏறத்தாழ ஒரே எண்கள்தான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் கதைக்குப் போகும்போது தேவைப்படும்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. இங்கிலாந்தில் மிக அதிகமானோர் தாங்கும் பெயர் ஸ்மித். கொல்லர் தொழிலில் இருந்து வந்த பெயர். ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது. அத்தனை கொல்லர்களின் வாரிசுகளும் ஸ்மித். எதிர்பார்த்தபடியே ஸ்மித்துகளின் ஒய்களுக்கும் தெருவில் போகிற யாரோ நால்வரின் ஒய்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆட்டன்பரோ என்ற அரிய பெயரிலோ பத்துக்கு ஒன்பது பேருக்கு அருகில் ஒரே கால்வழி. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அந்த ஊரை விட்டு வந்த யாரோ ஒருவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். விலங்குப் படங்கள் எடுத்த டேவிட் ஆட்டன்பரோவை நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் செய்தித்தாள்களுக்கு இது நல்ல தலைப்பாகிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெயரைத் தாங்கியவர்கள் எல்லோரும் ஒரே ஒய் வைத்திருந்தால் அந்தப் பெயரை ஒரே ஒருவன்தான் தொடங்கினான் என்று ஆகுமா? ஆகாது. 1870களில் பிரான்சிஸ் கால்டன், ஹென்றி வாட்சன் இருவரும் குடும்பப்பெயர்கள் எப்படி அழிந்துபோகின்றன என்று கணக்குப் போட்டார்கள். ஒருவனுக்கு ஆண் பிள்ளையே பிறக்காமல் போகலாம். பிறந்தும் சிறுவயதில் சாகலாம். மகள்கள் மட்டும் இருக்கலாம். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை கிளைகள் உதிர்ந்துகொண்டே போகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பெயரை ஐந்து பேர் தாங்கியிருந்து, நால்வரின் வழி அற்றுப்போய், ஐந்தாமவனின் வழி மட்டும் செழித்திருக்கலாம். இன்று சோதித்தால் ஒரே ஒய் வரும். செத்துப்போன வழிகளைப் பற்றிச் சோதனை வாய் திறக்காது. சைக்ஸ் பெயருக்கு ஒரே மூலவன் என்று பிரையன் சைக்ஸ் முடிவுகட்டியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம்.

பெயர் ஒன்றாகவும் ஒய் வேறாகவும் இருந்தால் உடனே ஊர் வாய் பாட்டியின் மேல் பாயும். பாய வேண்டியதில்லை. தத்துப் போன பிள்ளை, தாயின் இரண்டாம் கணவனின் பெயரில் வளர்ந்த முதல் கணவனின் பிள்ளை, சொத்துக்காக மாமனார் வீட்டுப் பெயரை ஏற்ற மருமகன், திருமணத்துக்கு வெளியே பிறந்து தாயின் குடும்பப்பெயரைப் பெற்ற பையன் என்று காரணங்கள் ஏராளம். பெல்ஜியத்தில் மார்ட்டன் லார்முசோ குழுவினர் செய்த ஆய்வுகளின்படி, கணவன் அல்லாத ஒருவருக்குப் பிறந்த பிள்ளைகள் தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டித்தான். வம்பு பேசுகிறவர்கள் சொல்லும் பத்தும் முப்பதும் வெறும் கதை. ஆனாலும் சிறு துளை காலப்போக்கில் பெரிதாகும். தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டு 25 தலைமுறைக்குப் பெருக்கிப் பாருங்கள். நூறு வழிகளில் இருபத்திரண்டு எங்காவது அறுந்திருக்கும். 700 ஆண்டுப் பெயர் ஒன்றைத் தாங்கியவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் அந்தப் பெயரை இரத்த வழியில் பெறாதவர். 

இனி ஜெஃபர்சன்.

1802இல் ரிச்மண்ட் நகரப் பத்திரிகையில் ஜேம்ஸ் காலண்டர் என்பவர் ஒரு செய்தியைப் போட்டு உடைத்தார். அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு, அவருடைய அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ் மூலம் பிள்ளைகள் உண்டு என்று. சாலி வேறு யாரும் அல்ல. ஜெஃபர்சனின் காலமான மனைவி மார்த்தாவின் தந்தை ஓர் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகள். அதாவது மனைவிக்குத் தங்கை முறை. ஜெஃபர்சன் வீட்டார் பின்னாளில் பழியை அவருடைய சகோதரி மகன்களான கார் சகோதரர்கள் மேல் போட்டார்கள். சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒஹாயோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் தன் தந்தை ஜெஃபர்சன்தான் என்று நிதானமாக, விவரமாகச் சொன்னார். ஒரு நூற்றாண்டுக் காலம் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதைக் காதில் வாங்கவில்லை. அடிமையாகப் பிறந்தவன் பெருமைக்காகச் சொல்கிறான் என்று தள்ளினார்கள்.

இயூஜின் ஃபாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்து 1998இல் முடிவை வெளியிட்டார். ஜெஃபர்சனுக்குத் திருமணத்தில் பிறந்த ஒரே ஆண் குழந்தை சில வாரங்களில் இறந்துவிட்டது. ஆண்வழி வாரிசு இல்லாதவரின் ஒய்க்கு எங்கே போவது? பங்காளி வீட்டுக்குத்தான். ஜெஃபர்சனின் பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த ஐவரின் இரத்தம் எடுக்கப்பட்டது. கார் சகோதரர்களின் தாத்தா வழியில் மூவர். சாலியின் கடைசி மகன் ஈஸ்டன் வழியில் ஒருவர். சாலியின் மூத்த மகன் என்று குடும்பக் கதைகள் சொல்லிவந்த தாமஸ் வுட்சனின் வழியில் ஐவர். ஜெஃபர்சன் குடும்பத்து ஒய் ஐரோப்பாவில் அரிதான வகை. அது பெரும் அதிர்ஷ்டம். முன்னே சொன்ன 14, 12, 24 வரிசைபோலப் பொதுவான வகையாக இருந்திருந்தால் இந்தச் சோதனையே பயன்பட்டிருக்காது.

ஈஸ்டன் வழிக்காரரின் ஒய் ஜெஃபர்சன் ஒய்யோடு பொருந்தியது. கார் வழி பொருந்தவில்லை. வுட்சன் வழியும் பொருந்தவில்லை. மூன்று விடைகளில் ‘இல்லை’ என்ற இரண்டும் இறுதியானவை. கார் சகோதரர்கள் ஈஸ்டனின் தந்தை அல்லர் என்பதோடு, நெடுங்காலக் கட்டுக்கதை ஒன்று ஒரே நாளில் செத்தது. வுட்சன் குடும்பத்தாரோ தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த கதையோடு தனித்து நின்றார்கள். அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் அது சிறு இழப்பு அல்ல.

‘ஆம்’ என்ற மூன்றாவது விடைக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. நேச்சர் இதழ், ஜெஃபர்சனே கடைசிப் பிள்ளைக்குத் தந்தை என்று தலைப்பிட்டுவிட்டது. சோதனை சொன்னது அதுவல்ல. ஈஸ்டனின் தந்தை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதுதான். தம்பி ராண்டால்ஃபுக்கும் அவருடைய மகன்களுக்கும் அதே ஒய். தலைப்பு எல்லை தாண்டிவிட்டதை ஃபாஸ்டரே சில வாரங்களில் எழுதித் தெளிவுபடுத்தினார். எனில் எதைக்கொண்டு முடிவு செய்வது? பழைய தாள்களைக்கொண்டுதான். சாலி ஒவ்வொரு முறை கருவுற்ற காலத்திலும் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்பதை அவருடைய பயணக் குறிப்புகள் காட்டுகின்றன. அங்கிருந்த அடிமைக் குடும்பங்களில் பிள்ளைகள் எல்லோரும் முறையாகவோ ஓடிப்போக விட்டோ விடுதலை பெற்றது சாலியின் குடும்பம் மட்டுமே. சட்டப் பேராசிரியர் ஆனட் கார்டன்-ரீட் இந்தச் சான்றுகளை எல்லாம் எடைபோட்டு, சோதனைக்கு ஓர் ஆண்டு முன்பே, 1997இல் நூலாக எழுதியிருந்தார். மாண்டிசெல்லோவை நிர்வகிக்கும் ஜெஃபர்சன் அறக்கட்டளை 2000இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஈஸ்டனின் தந்தை தாமஸ் ஜெஃபர்சனாகவே இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று அறிக்கை தந்தது. ஒரு கறுப்பினப் பேராசிரியர் ஆவணங்களைக்கொண்டு நிறுவியதை நாடு ஏற்றுக்கொள்ள ஒரு குப்பி இரத்தம் தேவைப்பட்டது என்பது இந்தக் கதையில் எனக்குக் கசப்பான இடம். மேடிசனின் மகன் ஒருவரின் கல்லறையைத் தோண்டி இன்னொரு சோதனை செய்யலாமே என்று கேட்டபோது மேடிசனின் வழித்தோன்றல்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஈஸ்டன் 1852இல் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வெள்ளையராக வாழத் தொடங்கி, தம் குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டார். மாற்றி வைத்துக்கொண்ட பெயர் ஜெஃபர்சன். எந்தச் சட்டமும் தராத பெயரை அவரே எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவருடைய வழித்தோன்றலின் இரத்தமும் அதையே சொன்னது.

லெஸ்டரில் 2012இல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் எலும்புக்கூட்டைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். தாய்வழி டிஎன்ஏ அவனுடைய அக்காவின் பெண்வழியில் இன்று வாழ்பவர்களோடு பொருந்தியதால், அது ரிச்சர்ட்தான் என்று உறுதியானது. ஆண்வழியில் ஒப்பிட, மூன்றாம் எட்வர்டிடமிருந்து இறங்கிவந்த சாமர்செட் பெயர்க்காரர் ஐவரைப் பிடித்தார்கள். ஒருவர் ஒய்யும் ரிச்சர்டோடு ஒத்துப்போகவில்லை. நால்வர் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள். ஐந்தாமவர் அவர்களோடும் சேரவில்லை. ஆக, குறைந்தது இரண்டு இடங்களில் வழி அறுந்திருக்கிறது. எந்த இடத்தில் என்று சோதனை சொல்லாது. அரச குடும்பத்தின் உரிமையே ஆட்டம்கண்டது என்று சில பத்திரிகைகள் எழுதின. ஏறத்தாழ இருபது தலைமுறைச் சங்கிலியில் அறுந்த வளையம் எது என்று தெரியாமல் யாருடைய முடியையும் கழற்ற முடியாது.

இந்தச் சோதனையை இன்னொரு திசையில் திருப்பியவன் ஒரு சிறுவன். பெயர் தெரியாத விந்துக் கொடையாளரால் பிறந்த பதினைந்து வயதுப் பையன் தன் எச்சில் மாதிரியை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினான். சில மாதங்களில், ஒய் பொருந்திய இருவர் அவனுக்கு எழுதினார்கள். இருவர் குடும்பப்பெயரும் ஏறத்தாழ ஒன்று. கொடையாளரின் பிறந்த தேதியும் ஊரும் தாய்க்குத் தெரிந்திருந்தது. அந்த நாளில் அந்த ஊரில் பிறந்தோர் பட்டியலை விலைக்கு வாங்கிப் பார்த்தான். அந்தக் குடும்பப்பெயர் கொண்டவர் ஒரே ஒருவர். இது வெளிவந்தது 2005இல். கவனியுங்கள், அந்தக் கொடையாளர் எந்தச் சோதனையும் செய்துகொள்ளவில்லை. எங்கோ இருந்த பங்காளிகள் செய்த சோதனை அவரைக் காட்டிக்கொடுத்தது. 2013இல் யானிவ் எர்லிக் குழுவினர் சயன்ஸ் இதழில் இதையே கணக்காக்கிக் காட்டினார்கள். பெயர் நீக்கி வெளியிட்ட ஒய் விவரத்தை வம்சாவளித் தளங்களில் தேடினால், அமெரிக்க வெள்ளையின ஆண்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரின் குடும்பப்பெயரை மீட்டுவிடலாம் என்று. ஒருவர் கொடுக்கும் சம்மதம் அவர் வீட்டோடு நிற்பதில்லை. இதற்குச் சட்டம் எழுதுவது எப்படி என்று எந்த நாடும் இன்னும் சரியாகக் கண்டுகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்து; பேரனுக்கு அதுவும் இல்லை. வேல்ஸ் நாட்டிலும் முன்பு இப்படித்தான் தந்தை பெயரைச் சேர்த்து அழைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர்கள் உறைந்துபோய் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ் என்று நாடு முழுக்க நிரம்பின. ஒய் சோதனைக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் தமிழர்களிலேயே குடும்பப்பெயர் பெற்றுவிட்ட ஒரு கூட்டம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையில் இருந்து சென்ற ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் நின்றது முதல், 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குள்ள நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலியார், படையாச்சி என்பவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் குடும்பப்பெயராகத் தாங்குகிறார்கள். சாதிப் பட்டம் ஸ்மித்தைவிடப் பரந்தது. டர்பனில் இரண்டு பிள்ளைகள் சந்தித்து ஒய் சோதனை செய்துகொண்டால் பொருந்தாமல் போவதே இயல்பு. பொருந்தாததைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். பொருந்தினால் அதைச் சாதித் தூய்மைக்குச் சான்றாக ஊருக்கு எடுத்துவரவும் வேண்டாம். அப்படி எடுத்துவர இங்கே ஆள் தயாராக இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்த நாட்டில் இருந்து வேர் தேடி வருகிறவர்கள் கேட்டால் நான் முதலில் கேட்பது கப்பல் பதிவேட்டு எண்ணைத்தான். ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் கொடுத்து, தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி கோணலாக இருக்கும். ஜில்லாவை வைத்து ஊகிக்கலாம். அந்த எண் கிடைத்து, ஊர் தெரிந்து, அதே ஊரில் ‘எங்கள் தாத்தாவின் தம்பி கப்பலேறினார்’ என்று சொல்லும் ஒரு குடும்பமும் கிடைத்தால், அப்போது இரண்டு வீட்டிலும் ஒவ்வோர் ஆண், முடிந்தால் தூரத்துப் பங்காளிகளாக இருவர் இருவர், கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளட்டும். தேய்ப்பதற்கு முன்னால், விடை ‘இல்லை’ என்று வந்தால் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்று இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.